எலும்பு தாங்கட்டும்

கறுப்புச் சரிவில் பயமில்லாமல் இறங்குகிறீர்கள். பலகைகளை இணையாக வைத்துத் திரும்புவது எப்போதோ கைவந்துவிட்டது. ஆனாலும் சில பருவங்களாக ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. பனி இறுகிப் பளபளத்தால் வெளிப்பலகை தடதடத்து நழுவுகிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தொடை எரிகிறது. இடப்பக்கத் திருப்பம் தானாக வருகிறது, வலப்பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏதோ தடுமாற்றம். இவற்றில் ஒன்றாவது உங்களுக்கு உண்டென்றால், குறை பெரும்பாலும் துணிவிலோ உடல் வலுவிலோ இல்லை. எலும்புகள் நிற்க வேண்டிய வரிசையில் நிற்கவில்லை, அதனால் அவற்றின் வேலையைத் தசைகள் செய்து களைத்துப்போகின்றன.

எவ்வளவு வேலை என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில், 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புகிறீர்கள். இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த சரிவில், நன்றாகச் சறுக்குபவருக்கு இது எட்டக்கூடிய வேகம்தான். மலையின் சாய்வை விட்டுவிட்டுத் தோராயமாகக் கணக்கிட்டால், சமநிலை குலையாமலிருக்க உடலின் எடைமையம் செங்குத்திலிருந்து ஏறக்குறைய 44 பாகை உள்ளே சாய்ந்தாக வேண்டும். கால்களில் இறங்கும் சுமை உடல் எடையைப் போல 1.4 மடங்கு. 70 கிலோ எடையுள்ளவர் 98 கிலோவைத் தாங்குகிறார், அதிலும் பெரும்பங்கை வெளிக்கால் ஒன்றே தாங்குகிறது. உலகக் கோப்பைப் பந்தயங்களில் இது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். தலையில் நெல்மூட்டை சுமப்பவர் கழுத்தையும் முதுகையும் ஒரே கோட்டில் நிறுத்திக்கொண்டால் வெகுதூரம் நடப்பார், கழுத்து கொஞ்சம் கோணினாலும் பத்தடியில் இறக்கிவைத்துவிடுவார். வெளிக்காலுக்கும் அதே நியாயம்தான்.

அடுத்தது, பலகை பனியைப் பிடிக்குமா நழுவுமா என்பது. விளிம்பில் ஏறிய பலகை பனியில் ஒரு படியை வெட்டிக்கொண்டு அதன்மேல் நிற்கிறது. உடலின் எடைமையத்திலிருந்து அந்தப் படிக்கு வரும் விசைக்கோடு படியின் தளத்தில் செங்குத்தாக இறங்கினால், அல்லது படி இன்னும் சற்று உட்பக்கமாகச் சரிந்திருந்தால், பலகை நிற்கும். படி வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் நழுவும். அழுத்த அழுத்த இன்னும் நழுவும். உடல் முழுவதையும் ஒரே கோலாக உள்ளே சாய்த்தால் படியின் இந்தக் கோணம் எப்போதும் நழுவும் எல்லையிலேயே ஊசலாடிக்கொண்டிருக்கும். கால்கள் அதிகமாகச் சாய்ந்து, இடுப்புக்கு மேலே உடல் குறைவாகச் சாய்ந்தால்தான் பலகைக்குக் கூடுதலாகச் சில பாகைகள் கிடைக்கும். இடுப்பில் விழும் அந்த மடிப்பை எங்கே, எந்த அளவில் வைப்பது என்பதுதான் உயர்நிலைச் சறுக்கின் மையக் கேள்வி என்பேன்.

ஆனால் இடுப்பிலிருந்து தொடங்கக் கூடாது. தோள் கோணுகிறது, கை பின்னால் போகிறது, உட்கார்ந்த மாதிரி வருகிறது என்று மேலே தெரியும் குறைகளில் பல, கீழே பாதத்தில் பிறந்தவை. அமெரிக்கப் பயிற்சியாளர் வாரன் விதரெல், டேவிட் எவ்ரார்டுடன் சேர்ந்து 1993-ல் எழுதிய 'தி அத்லெடிக் ஸ்கீயர்' நூல் வலியுறுத்தியது இதைத்தான்: பூட்ஸில் உடல் ஒழுங்காக நிற்காதவரை நுட்பம் பேசிப் பயனில்லை. அதனால் இந்த அத்தியாயத்தின் முதல் பாதி பனிக்கு வெளியே, வெறும் தரையில் நடக்கிறது. வாடகை பூட்ஸை நாளுக்கொன்றாக மாற்றிக்கொண்டிருப்பவருக்கு இது பலிக்காது. பணத்தைப் புதுப் பலகைக்குச் செலவிடுவதா பூட்ஸுக்கா என்று தயங்கினால், யோசிக்காமல் பூட்ஸுக்கே செலவிடுங்கள்.

பூட்ஸுக்குள் பாதம்

லைனரை உருவி எடுத்துவிட்டு வெறும் ஷெல்லுக்குள் பாதத்தை வையுங்கள். விரல்நுனி முன்பக்கத்தை மெல்லத் தொடும்படி நகர்த்தி, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் தேர்ச்சிக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் போதும், ஒரு விரல் கொஞ்சம் தாராளமாக நுழைகிற அளவு. இரண்டு விரல் வசதியாக நுழைந்தால் ஷெல் பெரிது. எவ்வளவு இறுக்கினாலும் பாதம் உள்ளே மிதக்கும், கணுக்காலில் நீங்கள் செய்வது பலகைக்குப் போய்ச் சேராது. அரை அளவுகளை நம்பி ஏமாறாதீர்கள்: 26, 26.5 இரண்டுக்கும் பெரும்பாலும் ஷெல் ஒன்றேதான், வேறுபாடு உள்ளே இருப்பதில்தான்.

பிறகு இன்சோல். பூட்ஸோடு வருகிற அட்டை வெறும் நிரப்பு. நிற்கும்போது பாதத்தின் உள்வளைவு சரிந்து கணுக்கால் உட்பக்கம் விழுபவர்களுக்கு, பாதத்துக்கென்று வார்த்துச் செய்த இன்சோல் இல்லாமல் மற்ற எந்தத் திருத்தமும் நிலைக்காது. பாதம் நிலைப்பட்ட பிறகுதான் அதற்கு மேலே இருப்பதை அளக்க முடியும்.

அடுத்து, பூட்ஸின் மேல்பாகம். கணுக்கால் அருகே பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும், சில மாடல்களில் இரண்டு பக்கமும். இன்சோலை ஷெல்லுக்குள் போட்டு, லைனர் இல்லாமல் நில்லுங்கள். கணைக்காலின் இரு பக்கமும் ஷெல்லுக்கு உள்ள இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விரிந்திருந்தால் திருகைத் தளர்த்தி, மேல்பாகத்தைக் காலின் இயல்பான வளைவுக்கு ஏற்றபடி சாய்த்து இறுக்குங்கள். இந்தத் திருகால் முழங்காலை உள்ளேயும் வெளியேயும் தள்ளிச் சரிசெய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்காக அமைந்ததல்ல இது. காலின் வடிவத்துக்குப் பூட்ஸை ஒத்துப்போகச் செய்வது மட்டுமே இதன் வேலை.

முழங்கால் எங்கே விழுகிறது

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. கண் ஏமாறுவது இங்கேதான்.

பூட்ஸைப் போட்டு, பக்கிள்களை இறுக்கி, சமதளத்தில் இடுப்பகலம் கால் வைத்து, முழங்காலைச் சற்றே மடித்து நில்லுங்கள். முழங்கால் நடுவிலிருந்து ஒரு தூக்குக்குண்டு நூலை இன்னொருவர் தொங்கவிடட்டும். குண்டு பூட்ஸின் நடுக்கோட்டிலோ, அதிலிருந்து சற்றே உட்புறத்திலோ விழுந்தால் நல்லது. நன்றாக உள்ளே தள்ளி விழுந்தால் நீங்கள் முழங்கால் உள்வாங்கியவர். வெளியே விழுந்தால் வில்கால்.

முழங்கால் உள்வாங்கியவரைச் சேர்லிஃப்டிலிருந்து பார்த்தால் விளிம்பு நன்றாக ஏறியிருப்பதாகவே தோன்றும், வெளி முழங்கால் அவ்வளவு உள்ளே சாய்ந்திருக்கும். உண்மையில் அவருடைய பலகைக்குத்தான் விளிம்பு குறைவு. யோசித்துப் பாருங்கள்: பலகை தட்டையாகப் பனியில் படிந்திருக்கும்போதே அவர் முழங்கால் உள்ளே வந்துவிட்டது. உள்ளே சாய்க்க வேண்டிய தூரத்தில் ஒரு பகுதியை, பலகை அசைவதற்கு முன்பே செலவழித்துவிட்டார். மற்றவருக்குக் கிடைக்கிற அதே விளிம்பைப் பெற அவர் முழங்காலை இன்னும் உள்ளே ஒடிக்க வேண்டியிருக்கிறது. வெளி முழங்கால் உள்ளே மடிய, உள் முழங்கால் அசையாமல் நிற்க, இரண்டு கணைக்கால்களும் கூடாரம் போலக் குவிகின்றன. அந்த மடிப்பில் சுமை எலும்பு வழியாக இறங்காது, முழங்காலின் உட்பக்கத் தசைநார்களை இழுத்துக்கொண்டு இறங்கும். "முழங்காலை உள்ளே தள்ளாதே" என்று ஒருவர் சொல்லச் சொல்ல இவர் என்னதான் செய்வார்? தள்ளாவிட்டால் பலகை நழுவுகிறது.

வில்காலருக்கு நேர்மாறான தொல்லை. கால் நேராக நிற்கும்போதே பலகை விளிம்பில் ஏறிவிடுகிறது. வெடுக்கென்று பிடிக்கும், திருப்பம் முடிந்து விடுவிக்க நேரமாகும். பலகையைத் தட்டையாக ஓடவிடுவது அவருக்குப் பெரும்பாடு.

இருவருக்கும் மருந்து சாய்வுத் திருத்தம். உள்வாங்கிய முழங்காலுக்கு, பூட்ஸின் அடியில் உட்பக்கம் தடித்த ஆப்பு. வில்காலுக்கு, வெளிப்பக்கம் தடித்தது. அளவு மிகச் சிறியது: பூட்ஸ் நுனியின் அகலம் 69 மில்லிமீட்டர் என்பதால், ஒரு பாகைக்கு ஒரு பக்கம் உயர்வது 1.2 மில்லிமீட்டர்தான். அந்த 1.2 மில்லிமீட்டரைப் பனியில் உணராதவரை நான் பார்த்ததில்லை. அடியைச் செதுக்கிச் செய்தாலும், அடித்தட்டை மாற்றிச் செய்தாலும், நுனியிலும் குதிகாலிலும் பைண்டிங் பற்றும் பகுதிகளைத் திரும்பவும் ஐஎஸ்ஓ 5355 தர அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் விழும்போது பைண்டிங் சரியாக விடுவிக்காது. ஆகவே இது வீட்டுமேசையில் அரத்தால் தேய்த்துச் செய்கிற வேலை அல்ல. இதற்கென்றே கருவி வைத்திருக்கும் பூட்ஸ் ஃபிட்டரிடம் கொடுங்கள், முடிந்தபின் பைண்டிங்கைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

இரண்டு காலுக்கும் ஒரே திருத்தம் வேண்டியிருக்கும் என்று எண்ணாதீர்கள். ஒரு பக்கத் திருப்பம் மட்டும் வராமலிருப்பதற்கு, கால்கள் தம்முள் வேறுபடுவதே பெரும்பாலும் காரணம். மலையில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மிக மெல்லிய சரிவில், நேராக ஓடும்போது ஒரு பலகையைத் தூக்கிவிடுங்கள். ஓடுகிற பலகையைத் தட்டையாக, நேராக வைத்திருக்க உங்கள் உடல் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். இடுப்பு பக்கவாட்டில் நகர்கிறதா, முழங்கால் மடிகிறதா, ஒரு கை விரிகிறதா? பிறகு மற்றக் கால். இரண்டையும் கைபேசியில் முன்னாலிருந்து படம் பிடித்து ஃபிட்டரிடம் காட்டினால் அவர் வேலை பாதி முடிந்துவிடும்.

முன்னும் பின்னும்

பின்னால் உட்காருபவரிடம் எல்லோரும் சொல்வது "முன்னால் சாய்" என்பதுதான். ஆனால் பூட்ஸே அவரை அளவுக்கு மீறி முன்னால் தள்ளிக்கொண்டிருக்கலாம். பூட்ஸ் மேல்பாகத்தின் முன்சாய்வு, உள்தளத்தின் குதிகால் உயரம், பைண்டிங்கில் குதிகால் பக்கம் நுனியைவிட உயர்ந்திருப்பது ஆகிய மூன்றும் கூடித்தான் நீங்கள் நிற்கும் நிலை அமைகிறது. கெண்டைக்கால் தசை பருத்தவருக்கும், அந்தத் தசை தாழ்ந்து இறங்கியிருப்பவருக்கும் பூட்ஸின் பின்சுவர் கணைக்காலை மேலும் முன்னால் தள்ளும். முழங்கால் இப்படி முன்னால் போனதும் விழாமலிருக்க உடல் ஒரே வழியைத்தான் கண்டுபிடிக்கும்: இடுப்பைப் பின்னால் இறக்கும். தொடை எரிவது அங்கேதான் தொடங்குகிறது. இவருக்கு "இன்னும் முழங்காலை வளை" என்று சொல்வதைவிடக் கெடுதலான அறிவுரை கிடையாது.

தரையில் பூட்ஸோடு நிற்கும்போது இருக்கும் நிலை, பலகையில் ஏறி மாட்டியதும் மாறுகிறதா என்று பக்கவாட்டில் படம் எடுத்துப் பாருங்கள். மாறினால் பைண்டிங்கின் உயர வேறுபாட்டைப் பேச வேண்டும். பனியில், மெல்லிய சரிவில் ஓடும்போதே சின்னதாகக் குதியுங்கள். பலகைகள் முழு நீளமும் சேர்ந்து எழுந்து சேர்ந்தே இறங்கினால் நடுவில் நிற்கிறீர்கள். நுனி மட்டும் எழுந்து வால் பனியிலேயே கிடந்தால் பின்னால் இருக்கிறீர்கள்.

கணுக்கால் மடங்காதவர்களுக்கு வேறு வழி. வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பெருவிரலைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்தும் தொட முடிந்தால் மடிப்பு போதுமானது. சுவருக்கு அதைவிட வெகு அருகில் வைத்தும் குதிகால் எழுந்துவிட்டால், பூட்ஸுக்குள் குதிகாலுக்கு அடியில் சிறு உயர்த்தி வைத்துப் பார்க்கலாம்.

பனியில் நீளும் கால்

2012-ல் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு, ஆண்களுக்கான ஜயன்ட் ஸ்லாலம் பலகைகளின் பக்கவளைவு ஆரத்தை 27 மீட்டரிலிருந்து 35 மீட்டராக உயர்த்தியது. பலகை தானாக வளைந்து தருவது குறைந்தது, திருப்புவது கடினமானது. அந்த விதியை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் அமெரிக்காவின் டெட் லிகெட்டி முக்கியமானவர். புது விதியின்படி நடந்த முதல் உலகக் கோப்பைப் பந்தயம் அந்த ஆண்டு அக்டோபரில், ஆஸ்திரியாவின் ஸோல்டனில். நூறில் சில பங்கு வினாடியில் வெற்றி தீர்மானமாகும் அந்த விளையாட்டில், இரண்டாமவரை 2.75 வினாடி பின்னுக்குத் தள்ளி வென்றவர் அதே லிகெட்டிதான்.

அவருடைய ஓட்டங்களின் காணொளியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சுமை உச்சத்தில் இருக்கும் கணத்தில் வெளிக்கால் நீண்டு கிடக்கிறது, முழங்காலில் சிறு மடிப்பு மட்டும். உள்கால் அதே நேரத்தில் மார்பை நோக்கி மடிந்து ஏறியிருக்கிறது. இடுப்பு பனியை உரசுகிற உயரத்தில், ஆனால் தோள்கள் கால்கள் அளவுக்குச் சாயவில்லை. இரண்டு கணைக்கால்களும் இணை. பலகை விளிம்பில் ஏறுவது திருப்பத்தின் நடுவில் அல்ல, தொடக்கத்திலேயே, நுனி இன்னும் பள்ளத்தை நோக்கித் திரும்பாத நேரத்திலேயே.

இதைப் பார்த்துவிட்டு வெளிக்காலை உதைத்து நீட்ட முயல்வது பலர் செய்யும் பிழை. உதைத்தால் பலகை வெளியே தள்ளப்படும், விளிம்பு அறுந்துபோகும். கால் நீள்வது, உடலிலிருந்து பலகைகள் விலகி ஓடுவதால். உங்கள் வேலை உள்காலைக் குறுக்குவது. அதை மடக்கி, வழிவிட்டு, உள்பாதத்தை இடுப்புக்கு அடியில் பின்னால் இழுத்துக்கொண்டே இருங்கள். உள்பலகை அளவுக்கு மீறி முன்னால் ஓடினால் இடுப்பு பின்னால் விழுந்துவிடும். திருப்பம் முழுவதும் மனத்தில் வைக்க ஒரே ஒரு குறிப்புதான் முடியும் என்றால், இந்த உள்பாதக் குறிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு மடிப்பு தொடையெலும்பு இடுப்பில் பொருந்தும் மூட்டில் விழ வேண்டும், முதுகில் அல்ல. இடுப்பெலும்புகளின் மேல் கைகளை வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பிப் பழகுங்கள். உள்பக்க எலும்பு வெளிப்பக்கத்தைவிடச் சற்று முன்னால் நின்றால் சரி. தோளை மட்டும் வெளியே திருகிவிட்டு இடுப்பு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் அது பார்வைக்கு மட்டுமே சரியான நிலை, சுமை ஏறியதும் முதுகில் சுருக்கென்று தெரியும்.

பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, சுவிட்சர்லாந்தின் ஆர்ட் ஃபுரர் பெயரோடு சேர்ந்து அறியப்படும் ஜாவலின் திருப்பம். வெளிப்பலகையில் நின்று, உள்பலகையைத் தூக்கி, அதன் நுனி வெளிப்பலகையின் முன்பகுதிக்கு மேலே குறுக்காக வரும்படி பிடித்துக்கொண்டு திருப்பத்தை முடிக்க வேண்டும். தொடை மூட்டில் திரும்பாமல் இதைச் செய்யவே முடியாது, வெளிக்காலில் எலும்பு வரிசையாக நிற்காமல் நிலைத்து நிற்கவும் முடியாது. அகலமான நீலச் சரிவு, காலை வேளை, கூட்டம் சேருவதற்கு முன். முதலில் திருப்பத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் தூக்குங்கள். அது கைவந்ததும் நடுவில், அதன்பின் தொடக்கத்தில். தொடக்கத்திலேயே தூக்க முடிகிற பக்கம் எது, முடியாத பக்கம் எது என்பது தூக்குக்குண்டு சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒத்துப்போனால் இனி எத்தனை நாள் பயிற்சி செய்தாலும் அந்தப் பக்கம் தேறாது, பூட்ஸைத்தான் திருத்த வேண்டும்.

அது சலித்தால், வெளிக்கைக் கம்பின் நுனியைத் திருப்பம் முழுவதும் பனியில் இழுத்துக்கொண்டு போங்கள். மேலுடல் உள்ளே சாய்ந்தவுடன் கம்பு பனியைவிட்டு எழும், வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல் பக்கிள்களை அவிழ்த்துவிட்டு மெல்லிய சரிவில் மெதுவாக ஓடுவதும் முன்பின் சமநிலைக்கு நல்லது. கைகள் கண்ணில் படும் இடத்தில் இருந்தால் போதும், அவற்றைப் பற்றி வேறொன்றும் யோசிக்க வேண்டாம்.

இதுவரை சொன்னது இறுகிய, சமன் செய்த பனிக்கு. குல்மார்க்கின் அஃபர்வத் சரிவுகளைப் போல ஆழமான பொடிப்பனியில் வெளிக்காலை மட்டும் இப்படி அழுத்தினால் அது புதைந்துபோகும். அங்கே சுமையை இரு கால்களுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பகிர வேண்டும், கால்களை இன்னும் நெருக்கி வைக்க வேண்டும். கணைக்கால்கள் இணையாக இருக்க வேண்டும் என்பதும் உள்பாதக் குறிப்பும் அங்கேயும் மாறாது.

திருத்தம் செய்த பூட்ஸில் முதல் நாள் வேகம் வேண்டாம். பழைய ஈடுகட்டல்கள் உடம்பில் ஊறியிருக்கும். நழுவாத பலகையில் முழங்காலை வழக்கம்போல் உள்ளே தள்ளினால் அது திடீரென்று பிடித்து உங்களைத் தூக்கி எறியலாம். ஒரு பக்கம் அதிகமாகப் பிடிக்கிறது என்று தோன்றினால் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அரைப் பாகை குறைக்கச் சொல்லுங்கள். புது லைனர் முதல் பருவத்திலேயே அமுங்கிவிடும். வழக்கத்தைவிட இரண்டு பல் கூடுதலாகப் பக்கிளை இறுக்க வேண்டியிருந்தால், பாதம் மறுபடி மிதக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது ஷெல் சோதனையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் இன்னொரு முறை பாருங்கள், கணுக்கால் திருகு தளர்ந்திருக்கிறதா என்பதையும் சேர்த்து.